சில்லும் அதன் கால்களும்

1980-களின் நடுப்பகுதியில் கணிப்பொறிப் பலகைகளை அமைத்து வந்த பொறியாளர் பலருக்கு விந்தையானதொரு நோய் எதிர்ப்பட்டது. எட்டு இலக்கங்களை ஒருங்கே நினைவில் வைத்துக்கொள்ளும் சில்லு ஒன்று பலகையில் இருக்கும். அந்த எட்டு இலக்கங்களும் எந்த எண்ணைக் காட்டினாலும், ஓர் எண்ணிலிருந்து மற்றோர் எண்ணுக்கு எவ்வாறு மாறினாலும், சில்லு பிழையின்றிப் பணி செய்யும். ஆனால் எட்டும் ஒன்று என்ற நிலையில் இருந்து, எட்டும் ஒரே கணத்தில் பூஜ்யமாக மாற வேண்டிய வேளையில், அதாவது 255 என்ற எண் 0 ஆகும் வேளையில், பூஜ்யம் நிற்க வேண்டிய இடத்தில் எப்போதாவது ஒருமுறை வேறோர் எண் வந்து நிற்கும். சில்லை எடுத்துச் சோதனைக் கருவியில் வைத்துப் பார்த்தால் ஒரு குறையும் இராது. அதே வேலையைச் செய்யும் பழைய, மெதுவான சில்லைப் பொருத்தினால் நோய் நீங்கிவிடும். புதிய, விரைவான சில்லைப் பொருத்தினால் மீண்டும் தோன்றும்.

நோயின் காரணம் சிலிக்கனில் செதுக்கிய மின்சுற்றில் இல்லை. அதைச் சுமந்து நின்ற உறையில், அவ்வுறையின் மூலையிலிருந்த ஒரே ஒரு காலில் இருந்தது. அந்தக் காலின் வரலாறே இன்றைய பேச்சுக்குப் பொருள்.

சில்லு என்று நாம் கையில் எடுத்துப் பார்க்கும் கறுப்பு நிறப் பொருள் உண்மையில் சில்லு அன்று. அது சில்லின் உறையே. உள்ளே இருக்கும் சிலிக்கன் துண்டு பெரும்பாலும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதன் ஓரங்களிலிருந்து தலைமயிரைவிட மெல்லிய பொன் கம்பிகள் புறப்பட்டு, உறைக்குள் பதிந்துள்ள உலோகப் பட்டைகளின் நுனியில் சென்று சேர்கின்றன. அப்பட்டைகள் உறையின் விளிம்பு வரை ஓடி, வெளியே வந்து, கீழ்நோக்கி வளைந்து கால்களாகின்றன. மின்சாரம் உள்ளே போவதும், செய்தி வெளியே வருவதும், மின்னோட்டம் நிலத்துக்குத் திரும்புவதும் இக்கால்களின் வழியாகவே. நிலம் என்று இங்கே நான் சொல்வது, பலகையில் பூஜ்ய வோல்ட் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட இடத்தை.

ஒரு சென்டிமீட்டர் உலோகத் துண்டில் என்ன தீங்கு இருக்க முடியும்? அதன் மின்தடை மிக மிகச் சிறிது. ஆயினும் மின்தடை ஒன்றே மின்னோட்டத்துக்குத் தடை அன்று என்பதை உலகுக்கு ஓயாமல் எடுத்துச் சொன்னவர் ஆலிவர் ஹெவிசைடு என்ற ஆங்கிலேயர். அவர் தந்திக் கம்பெனியில் வேலை பார்த்து, 1874-ஆம் ஆண்டில் அதை விட்டு விலகி, பிறகு எந்த நிறுவனத்திலும் வேலைக்கு அமராமல் வீட்டிலிருந்தே ஆராய்ச்சி செய்தவர். பல்கலைக்கழகப் பட்டம் அவருக்குக் கிடையாது. பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் பொறியியல் தலைவராயிருந்த வில்லியம் பிரீஸ், கம்பியின் தன் மின்தூண்டலை வேண்டாத பொருளாகவே கருதி வந்தார். அதனை அளந்து, புரிந்துகொண்டு, நீண்ட தொலைபேசிக் கம்பிகளில் வேண்டிய அளவு சேர்த்தால் பேச்சு தெளிவாகச் செல்லும் என்று ஹெவிசைடு கூறினார். இருவருக்கும் நடந்த பூசல் கடுமையானது. காலம் ஹெவிசைடின் பக்கம் தீர்ப்பளித்தது. ‘இண்டக்டன்ஸ்’, ‘இம்பீடன்ஸ்’ என்று இன்று உலகெங்கும் வழங்கும் இரண்டு சொற்களையும் 1886-ஆம் ஆண்டில் ஆக்கித் தந்தவர் அவரே. முன்னதைத் தமிழில் மின்தூண்டல் எண் என்றும், பின்னதை மின்னெதிர்ப்பு என்றும் வழங்குகிறோம்.

தேர்த் திருவிழாவைக் கண்டவர்களுக்கு மின்தூண்டல் புதிதன்று. நிலையில் நிற்கும் தேரை அசைப்பதற்கு நூற்றுக்கணக்கானோர் வடம் பிடிக்க வேண்டும். ஓடத் தொடங்கிய தேரை நிறுத்துவதற்கோ சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போட வேண்டும். ஒரே சீராக ஓடும்போது அது அவ்வளவு தொல்லை தருவதில்லை. மின்தூண்டலும் அத்தகையதே. ஒரே அளவில் ஓடும் மின்னோட்டத்தை அது தடுப்பதில்லை. மின்னோட்டம் மாறும்போதுதான் எதிர்க்கிறது. எவ்வளவு விரைவாக மாறுகிறதோ, அவ்வளவு வலுவாக எதிர்க்கிறது. ஆகவே மெதுவான சுற்றுக்கு வெறுங்கம்பியாக இருக்கும் ஒரு கால், விரைவான சுற்றுக்குப் பெருந்தடையாகிவிடுகிறது.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. மெல்லிய கம்பி ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ ஒரு நானோஹென்றி மின்தூண்டல் உடையது என்பது பொறியாளர் மனத்தில் வைத்திருக்கும் ஒரு வாய்பாடு. இருபது கால்கள் கொண்ட பழைய உறையின் மூலைக் காலுக்கு, உள்ளே ஓடும் பட்டையையும் சேர்த்து, சுமார் 10 நானோஹென்றி என்று கொள்வோம். ஒரு வினாடிக்குப் பத்து லட்சம் முறை, அதாவது ஒரு மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில், இதன் எதிர்ப்பு 0.063 ஓம், பொருட்படுத்த வேண்டியதில்லை. 100 மெகாஹெர்ட்ஸில் அது 6.3 ஓம். 500 மெகாஹெர்ட்ஸில் 31 ஓம். ஆயிரம் மெகாஹெர்ட்ஸில் 63 ஓம். கால் அதே கால்தான். அதன் வழியே ஓடுவது மாறிவிட்டது.

இனி உறைகளின் கதைக்கு வருவோம். 1962-இல் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் பிறந்த தட்டை உறை, அகலம் கால் அங்குலமும் அரைக்கால் அங்குலமுமாக, பத்து மெல்லிய கால்களோடு பலகையின் மேல் படுத்துக்கிடக்கும். ஏவுகணைகளிலும் விண்கலங்களிலும் அது நன்றாக உழைத்தது. ஆனால் அதன் கால்களை ஒவ்வொன்றாகப் பற்றவைக்க வேண்டியிருந்தது. அது செலவும் சிரமமும் மிகுந்த வேலை. சில ஆண்டுகளுக்குள் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் பொறியாளர்கள் வேறோர் உருவத்தைக் கொணர்ந்தனர். நீண்ட செவ்வக உடல். இரு பக்கமும் வரிசையாகக் கால்கள். கால்களுக்கிடையே பத்தில் ஒரு பங்கு அங்குலம். வரிசைகளுக்கிடையே பத்தில் மூன்று பங்கு அங்குலம். பலகையிலுள்ள துளைகளில் கால்களைச் செருகி, உருகிய ஈயக் கலவையின் அலைமேல் பலகையைக் கடத்தினால் எல்லாக் கால்களும் ஒரே தடவையில் பற்றிக்கொள்ளும். கரப்பான் பூச்சியைப் போன்ற தோற்றமுடைய அந்த உறையை எலக்ட்ரானிக்ஸ் படித்த எவரும் ஒருமுறையேனும் கையாண்டிருப்பர். மின்னியல் நோக்கில் பார்த்தால் அது தட்டை உறையைவிட ஒரு படி பின்னடைவே. கால்கள் நீண்டன, மின்தூண்டலும் நீண்டது. அந்நாளில் அதைப் பற்றிக் கவலைப்பட்டவர் மிகச் சிலர்.

மின்சாரத்துக்கும் நிலத்துக்கும் எந்தக் கால்களை ஒதுக்குவது? 1960-களில் பரவிய 7400 வரிசைச் சில்லுகளில், பதினான்கு கால் உறையாயின் ஏழாவது கால் நிலம், பதினான்காவது கால் மின்சாரம். பதினாறு கால் உறையாயின் எட்டும் பதினாறும். இருபது கால் உறையாயின் பத்தும் இருபதும். எப்போதும் எதிரெதிர் மூலைகள். பலகையில் சில்லுகளை வரிசையாக அடுக்கி, மேலே ஒரு மின்சாரப் பாதையும் கீழே ஒரு நிலப் பாதையும் ஓடவிட்டால் எல்லாச் சில்லுகளும் இணைந்துவிடும். வரைபடம் போடுபவருக்கு மிக வசதி. ஆனால் சிலிக்கன் துண்டு இருப்பது உறையின் நடுவில். நடுவிலிருந்து மூலைக்குச் செல்லும் பட்டையே எல்லாவற்றிலும் நீளமானது. மிகுதியான மின்னோட்டத்தைச் சுமக்க வேண்டிய இரண்டு கால்களுக்கு மிக நீளமான வழியைக் கொடுத்துவிட்டார்கள்! அதே வரிசையில் 7490 என்ற எண்ணும் சில்லு முதலான சிலவற்றில் மின்சாரம் ஐந்தாவது காலிலும் நிலம் பத்தாவது காலிலும், அதாவது ஏறக்குறைய நடுவில், இருந்தன என்பது ஒரு வேடிக்கை. மாணவர்கள் அவற்றைப் பலகையில் தவறாக இணைத்து, சில்லு சுடுவதைக் கண்டு விழிப்பது கல்லூரிச் சோதனைச்சாலைகளில் வழக்கமாயிருந்தது. நல்ல இடத்தில் இருந்த கால்கள் விதிவிலக்கு என்று ஏசப்பட்டன. கெட்ட இடத்தில் இருந்தவை விதி என்று மதிக்கப்பட்டன.

இந்தத் தவறு நெடுங்காலம் வெளிப்படாமல் இருந்ததற்குக் காரணம் வேகக் குறைவே. ஒரு வெளியீட்டில் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் 8 நானோவினாடியில் எழுவதாகக் கொண்டால், 10 நானோஹென்றிக் காலில் தோன்றும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் நாற்பதில் ஒரு பங்கு. எட்டு வெளியீடுகள் சேர்ந்தாலும் 0.2 வோல்ட். சுற்றுகள் அதைத் தாங்கும். அதே மின்னோட்டம் 2 நானோவினாடியில் எழுமாயின் எட்டுக்கும் சேர்த்து 0.8 வோல்ட் ஆகிறது. அக்காலச் சில்லுகளில் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால்தான் பூஜ்யம் என்று உறுதி சொல்வார்கள். அசையாமல் பூஜ்யத்தில் நிற்க வேண்டிய ஒரு வெளியீடு, தன் அண்டைவீட்டார் அசைந்த காரணத்தால் பூஜ்யத்தின் எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறது என்பது இதன் பொருள்.

தொடக்கத்தில் சொன்ன நோய் இப்போது விளங்கும். எட்டு வெளியீடுகளும் ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கு விழும்போது, கம்பிகளில் நிறைந்திருந்த மின்னூட்டமெல்லாம் அந்த ஒரே நிலக் காலின் வழியே வெளியேறப் பாய்கிறது. காலின் மின்தூண்டல் எதிர்க்கவே, சில்லுக்குள் இருக்கும் நிலம் மேலே எழும்புகிறது. வெளியே இருக்கும் நிலம் அசையவில்லை. அச்சமயம் கடிகாரத் துடிப்பு வெளியே உயர்ந்த நிலையில் உறுதியாக நிற்கிறது. ஆனால் சில்லு எதையும் தன் சொந்த நிலத்திலிருந்தே அளப்பது. நிலம் உயர்ந்ததும் கடிகாரம் தாழ்ந்ததாக அதற்குத் தோன்றுகிறது. அடுத்த கணம் நிலம் இறங்கவே, கடிகாரம் மீண்டும் எழுந்ததாகத் தோன்றுகிறது. படகில் இருப்பவன் படகு ஆடுவதை அறியாமல் கரை ஆடுகிறது என்று எண்ணுவது போலத்தான் இது. இல்லாத இரண்டாவது துடிப்பைக் கேட்டு, சில்லு அந்நேரத்தில் வாயிலில் வந்து நிற்கும் அடுத்த எண்ணைப் பிடித்துக்கொள்கிறது. வங்கிக் கணக்கிலோ, ஒரு யந்திரத்தைச் செலுத்தும் கட்டளையிலோ இது நேர்ந்தால் என்னாகும் என்று நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. எப்போதும் நேரும் பிழையைக் கண்டுபிடித்துவிடலாம். எட்டு இலக்கங்களும் ஒருங்கே விழும்போது மட்டும், அதுவும் சிற்சில வேளை மட்டும் நேரும் பிழை பொறியாளரின் உறக்கத்தைக் கெடுப்பது.

எல்லாரும் இதை அறியாமலிருந்தார்கள் என்று சொல்வது நியாயமன்று. மிகு வேகக் கணிப்பொறிகளைக் கட்டியவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். மோட்டோரோலா நிறுவனம் 1968-இல் வெளியிட்ட ஒரு வரிசையில் மின்னழுத்தம் ஒரு நானோவினாடியில் எழுந்தது. அதைப் பலகையில் அமைப்பவர்கள் பெரிதும் அல்லற்பட்டார்கள். 1971-இல் அதே நிறுவனம் வெளியிட்ட அடுத்த வரிசையில் அந்த எழுச்சியை வேண்டுமென்றே மெதுவாக்கி 3.5 நானோவினாடி ஆக்கினார்கள். முன்னேற்றம் என்றால் வேகம் என்று மட்டும் எண்ணுவோர்க்கு இது வியப்பளிக்கும். அந்த வரிசையில் இன்னொரு நுட்பமும் இருந்தது. வெளியீட்டு டிரான்ஸிஸ்டர்களுக்கு ஒரு நிலக் கால், உள்ளே நடக்கும் தர்க்க வேலைக்கு வேறொரு நிலக் கால். வெளியீடுகள் தம் நிலத்தை ஆட்டினாலும் உள்நிலம் ஆடாது. ஸெய்மூர் க்ரே என்ற மேதை 1976-இல் முதன்முதலாக அளித்த க்ரே-1 கணிப்பொறியில் வேறு வழியைக் கையாண்டார். ஒவ்வொரு வாயிலுக்கும் இரண்டு எதிரெதிர் வெளியீடுகள். ஒன்று எழுந்தால் மற்றது விழும். தேவைப்படாத வெளியீட்டையும் மின்தடை வைத்து முடித்துவைத்தார்கள். எனவே மின்சாரக் காலில் ஓடும் மின்னோட்டம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. மாறாத மின்னோட்டத்தை மின்தூண்டல் என்ன செய்யும்? மின்சாரம் வீணாவதைப் பற்றி மட்டும் கவலைப்படக்கூடாது. ஐ.பி.எம். நிறுவனத்தாரும் இந்தத் தொல்லைக்கு ‘டெல்ட்டா-ஐ இரைச்சல்’ என்று பெயரிட்டு, உறைகளைத் திட்டமிடும்போதே கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் இவையெல்லாம் பெரும் பொருள் செலவிட வல்லவர்களின் உலகம். மலிவான சில்லுகளை வாங்கிப் பலகை அமைத்த எளியோருக்கு இந்த அறிவு எட்டவில்லை. அவர்களுக்கு அப்போது அது தேவைப்படவும் இல்லை.

தேவை வந்தது 1980-களில். ஃபேர்சைல்டு முதலிய நிறுவனங்கள் புதிய சீமாஸ் வகைச் சில்லுகளைக் கொணர்ந்தன. மின்சாரம் குறைவாகச் செலவாகும், வேகமோ மிகுதி, ஒவ்வொரு வெளியீடும் 24 மில்லி ஆம்பியரைத் தாங்கும். கால்களின் வரிசை பழைய 7400-ஐப் போலவே. பழைய சில்லை எடுத்துவிட்டு அதே துளைகளில் புதியதைச் செருகலாம். டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸும் பிலிப்ஸும் இதற்கு உடன்படவில்லை. இத்துணை வேகத்துக்கு மூலைக் கால்கள் பொருந்தா என்று கூறி, மின்சாரத்தையும் நிலத்தையும் உறையின் நடுப்பகுதிக்கு மாற்றி, ஒன்றுக்குப் பதிலாகப் பல நிலக் கால்களை வைத்துச் சில்லுகளை வெளியிட்டன. எட்டு வெளியீடு கொண்ட சில்லுக்கு இருபது கால்கள் இருந்த இடத்தில் இருபத்து நான்கு ஆயின. இரு தரப்பாரும் அளவீடுகளை அச்சிட்டு, ஒருவர் சில்லின் நிலம் எவ்வளவு எழும்புகிறது என்று மற்றவர் காட்டினர். விளம்பரப் போர் நடந்தது.

பௌதிகத்தின்படி நடுக் கால்களின் கட்சியே சரி, அதில் ஐயமில்லை. வாங்குபவர்களோ பெரும்பாலும் மூலைக் கால்களையே விரும்பினார்கள். அவர்களிடம் பழைய பலகைகள் இருந்தன. பழைய வரைபடங்கள் இருந்தன. மற்றொரு நிறுவனத்திடமிருந்து அதே சில்லை வாங்க முடியுமா என்ற கவலையும் இருந்தது. இறுதியில் நடுக் கால் வரிசை ஒதுங்கியது. மூலைக் கால் வரிசை நின்றது. இதைக் கண்டு, அறிவு தோற்றது என்று சிலர் வருந்துவர். நான் அவ்வாறு கருதவில்லை. கால்களை மாற்ற மறுத்தவர்கள் வேறிடத்தில் விலை கொடுத்தார்கள். வெளியீட்டு டிரான்ஸிஸ்டரைப் பல துண்டுகளாகப் பிரித்து, எல்லாவற்றையும் ஒரே கணத்தில் திறக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் அமைப்புகள் பின்னர் வந்தன. மோட்டோரோலா 1971-இல் கற்ற பாடத்தையே இவர்களும் கற்றார்கள்: தேவைக்கு மேற்பட்ட வேகத்தைக் குறைத்துக்கொள்வது. அதோடு உறைகளும் சிறுத்தன. பலகையின் மேற்பரப்பில் ஒட்டும் சிறு உறைகளில் பட்டைகள் குறுகின. மூலை என்பதே நடுவுக்கு அருகில் வந்துவிட்டது.

இங்கே கல்லூரி மாணவர்கள் சற்று நின்று எண்ணத்தக்க செய்தி ஒன்றுண்டு. கம்பியின் வழியே செய்தியைச் செலுத்தும் சுற்றை இயக்கி என்கிறோம். ஒவ்வோர் இயக்கிக்கும் வெளியீட்டு மின்னெதிர்ப்பு என்று ஓர் அளவு உண்டு. வேகமான பலகைகளில் அது மிக முக்கியமானது. ஏனெனில், நீண்ட கம்பியில் செய்தி அலையாகச் செல்கிறது. பலகையில் அதன் வேகம் நானோவினாடிக்கு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். கம்பியின் சிறப்பு மின்னெதிர்ப்பு 50 ஓம் என்றும், இயக்கியின் வெளியீட்டு மின்னெதிர்ப்பு 15 ஓம் என்றும் கொண்டால், இடையே 35 ஓம் மின்தடை ஒன்றை வைப்பார்கள். இரண்டும் சேர்ந்து 50 ஆகும். மறுமுனையில் மோதித் திரும்பி வரும் அலை இங்கே உறிஞ்சப்பட்டு அடங்கிவிடும். பொருத்தம் பிசகினால் அலை மீண்டும் புறப்பட்டு, கிணற்றுக்குள் கூவிய குரல்போல இங்குமங்கும் எதிரொலிக்கும்.

ஆனால் அந்த 15 ஓம் என்ற அளவு எங்கே எடுத்தது? மின்னோட்டம் நிலையாக ஓடும்போது, ஒரே ஒரு வெளியீட்டை வைத்து எடுத்தது. உறையின் கால் அதில் தோன்றுவதே இல்லை. ஒரு நானோவினாடியில் எழும் செய்தியில் சுமார் 500 மெகாஹெர்ட்ஸ் வரை சரக்கு உண்டு. அந்த உச்சியில் 10 நானோஹென்றிக் கால் 31 ஓம் எதிர்ப்பைச் சேர்க்கிறது. திரும்பி வரும் அலையின் அந்தப் பகுதியில் பத்தில் மூன்று பங்கு மறுபடியும் பிரதிபலிக்கிறது. இருந்தாலும் இது பொறுத்துக்கொள்ளக் கூடியதே. 50 ஓம் இயக்கியும் 50 ஓம் கம்பியும் சேர்ந்த 100 ஓமோடு 10 நானோஹென்றி கூடினால் உண்டாகும் தாமதம் நானோவினாடியில் பத்தில் ஒரு பங்குதான். தனியாக ஓர் இயக்கி வேலை செய்யும்போது கால் அதை அதிகம் வருத்துவதில்லை.

எட்டு இயக்கிகள் ஒரு காலைப் பங்கிடும்போது கணக்கு தலைகீழாகிறது. தெருக்குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் மட்டும் திறந்தால் நீர் நன்றாக வருகிறது. தெருவில் எட்டு வீட்டிலும் திறந்தால் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் குழாய் அடைத்துக்கொண்டதாக எண்ணுகிறார்கள். ஒவ்வோர் இயக்கியும் தன் பங்கு மின்னோட்டத்தை மட்டுமே அனுப்புகிறது. பொதுக் காலில் தோன்றும் மின்னழுத்தமோ எட்டு பங்குக்கு உரியது. ஆகவே அந்த இயக்கியின் பார்வையில் கால் 10 நானோஹென்றி அன்று, 80 நானோஹென்றி. தாமதம் 0.8 நானோவினாடி, செய்தி எழும் நேரத்துக்கு ஏறக்குறைய ஈடானது. மேலும் உள்நிலம் எழும்பும்போது, டிரான்ஸிஸ்டரைத் திறந்து வைத்திருக்கும் மின்னழுத்தமே குறைகிறது; எனவே அதன் சொந்த மின்தடையும் கூடுகிறது. இயக்கியின் வெளியீட்டு மின்னெதிர்ப்பு என்பது அவ்வியக்கிக்கு மட்டும் உரிய ஒரு குணம் அன்று; அந்தக் கணத்தில் அண்டையிலுள்ள இயக்கிகள் என்ன செய்கின்றன என்பதையும் பொறுத்தது. ஒரே சில்லின் ஒரே வெளியீடு, 254-லிருந்து 255 ஆகும்போது ஒரு மின்னெதிர்ப்பையும், 0-விலிருந்து 255 ஆகும்போது வேறொரு மின்னெதிர்ப்பையும் காட்டுகிறது. எழும்போது இந்தத் தொல்லையைத் தருவது மின்சாரக் கால். விழும்போது நிலக் கால்.

இந்த உண்மையை எல்லார் கையிலும் கொடுக்கப் பொதுவான ஓர் ஏடு தேவையாயிற்று. சில்லு செய்பவர்கள் தம் டிரான்ஸிஸ்டர்களின் இரகசியத்தை வெளியிட மாட்டார்கள். அதை அறியாமல் பலகை அமைப்பவர் கணக்கிட முடியாது. இண்டெல் நிறுவனத்தில் தோன்றிய ‘ஐபிஸ்’ என்ற முறை 1993-இல் இதற்கு ஒரு நடுவழி கண்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டாம். வெளியீட்டில் இந்த மின்னழுத்தத்துக்கு இந்த மின்னோட்டம் என்று அட்டவணையாகத் தந்தால் போதும். அந்த ஏட்டில் உறைக்கென்றே மின்தடை, மின்தூண்டல், மின்தேக்குத்திறன் ஆகிய மூன்றுக்கும் தனி இடம் ஒதுக்கினார்கள். அதே 1993-இல் ஹோவர்ட் ஜான்சனும் மார்ட்டின் கிரேயமும் எழுதிய வேக இலக்கவியல் நூல் வெளிவந்தது. அதன் துணைத் தலைப்பில் அவர்கள் இக்கலையை ‘மாந்திரிகம்’ என்றே நகைச்சுவையாகக் குறித்தார்கள்.

கால்களையே ஒழித்துவிட்டால் என்ன? அந்த விடை நெடுநாள் முன்பே பிறந்து, வேறொரு காரணத்துக்காக வளர்ந்து வந்தது. 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஐ.பி.எம். அறிவித்த ஸிஸ்டம்/360 கணிப்பொறியில், டிரான்ஸிஸ்டர் துண்டுகளைக் கவிழ்த்துவைத்து, சிறு உலோக உருண்டைகளால் பீங்கான் தட்டில் பற்றவைத்தார்கள். கம்பிகளைக் கையால் ஒட்டும் வேலையைத் தவிர்த்து, இணைப்புகளை உறுதியாக்குவதே அன்று அவர்கள் கொண்ட நோக்கம். 1969-இல் எல். எஃப். மில்லர் இம்முறையைத் திருத்தி, உருகும் ஈயக் கலவை உருண்டை எந்த அளவுக்குச் சரிய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் வழியை எழுதினார். அத்தகைய உருண்டையின் உயரம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்களவே. அதன் மின்தூண்டல் நானோஹென்றியின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சிலிக்கனின் ஓரத்தில் மட்டுமன்றி அதன் பரப்பு முழுவதும் உருண்டைகளை வைக்கலாம். ஐ.பி.எம். 1980-இல் அறிவித்த 3081 கணிப்பொறியில், நூற்றுக்கு மேற்பட்ட சில்லுகளை இவ்வாறு கவிழ்த்து, 33 அடுக்குகள் வரை கொண்ட ஒரே பீங்கான் தட்டில் பதித்தார்கள். தட்டின் அடியில் 1800 ஊசிகள். செலவைச் சுருக்கத் தோன்றிய ஒரு முறை, வேகத்தின் தேவையால் நிலைபெற்றது. பொதுமக்கள் வாங்கும் கணிப்பொறிகளுக்கு அது வந்து சேர 1990-களின் இறுதி ஆயிற்று. 2004-இல் வந்த 775 தொடுமுனைகள் கொண்ட இண்டெல் உறையில் பாதிக்கும் மேற்பட்ட முனைகள் மின்சாரத்துக்கும் நிலத்துக்குமே கொடுக்கப்பட்டன. இரண்டு மூலைக் கால்களிலிருந்து நானூறு, ஐந்நூறு முனைகள்!

இயக்கியையே திருத்தும் முயற்சியும் இதனோடு நடந்தது. டிரான்ஸிஸ்டரின் மின்தடை சூட்டினாலும், உற்பத்தியில் நேரும் வேறுபாட்டாலும் பெரிதும் மாறக்கூடியது. 1988-இல் டாமஸ் நைட், அலெக்ஸாண்டர் கிரிம் என்ற இருவர், கம்பியின் மின்னெதிர்ப்புக்குத் தன்னைத் தானே பொருத்திக்கொள்ளும் இயக்கியை விவரித்து எழுதினார்கள். 1992-இல் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த கபாரா, நாவர் இருவரும், பல சிறு டிரான்ஸிஸ்டர்களை இலக்கக் கட்டளையால் சேர்த்தும் விலக்கியும் வேண்டிய மின்தடையைப் பெறும் முறையைக் காட்டினர். அந்தக் கருத்தின் வழிவந்ததே 2007-இல் வகுத்த டி.டி.ஆர்.-3 நினைவகத் திட்டம். அதில் ஒவ்வொரு சில்லுக்கும் வெளியே 240 ஓம் மின்தடை ஒன்று, நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பிசகாத துல்லியத்தோடு, தனிக் காலில் இணைந்திருக்கும். சில்லு அவ்வப்போது அதனோடு தன்னை ஒப்பிட்டு, உள்ளே இருக்கும் 240 ஓம் துண்டுகளைச் சரிசெய்துகொள்ளும். அவற்றுள் ஏழு துண்டுகளைச் சேர்த்துத் திறந்தால் 34 ஓம். ஆறைத் திறந்தால் 40 ஓம். தராசில் படிக்கல் வைத்து நிறுப்பது போன்ற ஏற்பாடு.

இந்த ஒப்பீட்டைச் சில்லு நிதானமாக, நிலையான மின்னோட்டத்தில் செய்கிறது. ஆகவே மின்தடை திருந்துகிறது. உறையின் மின்தூண்டல் அதற்குத் தென்படுவதில்லை. அதனால்தான் முந்திய டி.டி.ஆர்.-2 திட்டத்திலேயே நீண்ட கால்கள் கொண்ட உறையைக் கைவிட்டு, அடியில் உருண்டைகள் பதித்த உறையை ஏற்றுக்கொண்டார்கள். 2013-இல் வகுத்த எச்.பி.எம். என்ற நினைவகத்தில் இன்னும் ஒரு படி சென்று, 1024 தரவுக் கம்பிகளைப் பலகையின் மேல் ஓடவிடாமல், சில மில்லிமீட்டர் தொலைவே உள்ள சிலிக்கன் தட்டின் மேல் ஓடவிட்டார்கள். அங்கே 24 மில்லி ஆம்பியரைத் தாங்கும் பெரிய இயக்கி தேவையில்லை; மிகச் சிறிய இயக்கியே போதும்.